பாசிக்குடாவா, கல்லடியா? பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக மட்டக்களப்புக்கு வந்து தங்கியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையானால் ஒரே பேச்சுதான்: நாளைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? போட்டி எப்போதும் பாசிக்குடாக் கடற்கரைக்கும் கல்லடிக் கடற்கரைக்கும்தான்.

பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு பாசிக்குடாவுக்கு. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர், வாழைச்சேனையைத் தாண்டி. வளைந்த குடா, வெளியே பவளப்பாறை. அலையின் வேகமெல்லாம் அங்கேயே அடங்கிவிடுகிறது. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. எங்கள் வீட்டு விளையாட்டே இதை வைத்துத்தான்: அப்பா முன்னால் நடக்க வேண்டும், அவர் நெஞ்சு நனைந்ததும் எல்லோரும் "நில்!" என்று கத்த வேண்டும். அதுவரை எத்தனை அடி என்று யார் சரியாகச் சொன்னார்களோ, அவருக்கு அப்பாவின் தோளில் சவாரி. மகள் ஒவ்வொரு முறையும் இருநூறு என்றுதான் சொல்வாள், ஆனால் சவாரியை விட்டுக்கொடுக்க மாட்டாள். தண்ணீரில் இறங்கிய பிள்ளையைப் பார்த்து நெஞ்சு படபடக்காத கடல் கிடைப்பது பெரிய வரம். கண்ணை எடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

குறை என்றால் வெயில். கரையில் நிழல் போதாது. காலையிலேயே போய், பத்து மணிக்குள் கரையேறிவிடுவது நல்லது. கரையோர ஹோட்டல்களில் சாப்பாட்டு விலை அதிகம்; நகரிலேயே சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள்.

கல்லடி வேறு மாதிரி. கடலில் இழுப்பு உண்டு, பிள்ளைகளைக் குளிக்க விட மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஓட்டோவில் சில நிமிடங்களில் போய்விடலாம். மணலில் பட்டம், கையில் கச்சான் (வேர்க்கடலை) சுருள், அப்புறம் பாலத்துப் பக்கம் தோணி. பௌர்ணமி இரவில் மீன் பாடும் என்று ஊரே சொல்கிறது. தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல்முனையில் "காத வைங்க மகன்" என்றார். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். வீணைத் தந்தியைச் சுண்டினது மாதிரி இருந்தது என்று இன்னமும் சாதிக்கிறான். எனக்குக் கேட்டது தண்ணீர்ச் சத்தம்தான், இருந்தாலும் அவன் சொல்வதை நம்புகிறேன். பகலில் போனால், 1913இல் கட்டிய முகத்துவாரம் வெளிச்சவீட்டையும் பார்த்துவிடலாம்.

மூன்றாவதாக அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம். அதைச் சுற்றியுள்ள கல்லோயாப் பூங்காவில் படகிலிருந்தபடியே யானை பார்க்கலாம், தீவுக்குத் தீவு நீந்தும் யானைகள் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். ஆனால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். கைக்குழந்தையோடு சிரமம், பெரிய பிள்ளைகள் என்றால் தாராளமாகப் போகலாம்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை. பாசிக்குடாவை மறந்துவிட்டு, வெயில் எட்டிப் பார்க்கும் மாலைகளில் கல்லடிக்குப் போங்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தாலும் கல்லடியே வசதி. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, சனிக்கிழமையில் வந்தால் மட்டும் இரண்டும் ஒரே நாளில் முடியும்: காலையில் பாசிக்குடா, மதியம் வீட்டில் தூக்கம், இரவில் தோணி. தோணிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், அன்றைக்குக் கூட்டம் இருக்கும்.