கடைசி வருஷத்துல நிக்கிற ஸ்டார் பிளேயர்: விக்கறதா, வெச்சுக்கறதா?

2025 அக்டோபர் 10, சியாட்டில்ல அமெரிக்க பேஸ்பால் டீம் டெட்ராய்ட் டைகர்ஸ், வழக்கமா 9 இன்னிங்ஸ்ல முடியற மேட்ச்ல 15 இன்னிங்ஸ் ஆடி 3-2ன்னு தோத்து வெளிய போனாங்க. அந்த மேட்ச்ல அவங்க பிட்சர் (பந்து வீசறவர்) டாரிக் ஸ்கூபல் 6 இன்னிங்ஸ் போட்டு 13 பேர ஸ்ட்ரைக் அவுட் பண்ணி ஒரே ஒரு ரன்தான் விட்டாரு, அவர் இறங்கினதுக்கு அப்புறம்தான் மேட்ச் கைய விட்டு போச்சு. 2024, 2025 ரெண்டு வருஷமும் அமெரிக்கன் லீக்ல சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு அவருக்குத்தான். ஆனா 2026 சீசன் முடிஞ்சா அவர் ஃப்ரீ ஏஜென்ட், எங்க வேணா போகலாம். அதனால அந்த தோல்வி முடிஞ்ச மறுநாள்லேர்ந்தே இவர இப்பவே வித்துடணுமா இல்ல கடைசி வருஷமும் வெச்சு ஆடணுமான்னு பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. இது ஒண்ணும் புது கேள்வி இல்ல, போன 5, 6 வருஷத்துல பல டீம் இதே இடத்துல நின்னு வேற வேற முடிவு எடுத்திருக்காங்க, அதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா எது உருப்படும் எது உருப்படாதுன்னு ஓரளவுக்கு தெரியும்.

பேஸ்பால் புதுசா பாக்கறவங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்லிடறேன். ஐபிஎல் மாதிரி 3 வருஷத்துக்கு ஒரு தடவ எல்லாரையும் ஏலத்துல விடற கதை இங்க கிடையாது. மேஜர் லீக்குக்குள்ள வந்த பையன் 6 வருஷ சர்வீஸ் முடியற வரைக்கும் அந்த டீம் கன்ட்ரோல்லதான் இருப்பான். முதல் 3 வருஷம் கிட்டத்தட்ட மினிமம் சம்பளம்தான், 2024ல அது 7 லட்சத்து 40 ஆயிரம் டாலர், அடுத்த 3 வருஷம் ஆர்பிட்ரேஷன்ல (டீமும் ஆளும் ஒத்துக்கலன்னா நடுவர் சம்பளத்த முடிவு பண்ற முறை) கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அதுக்கப்புறம்தான் சந்தை திறக்கும். அதனால டிரேட்னு பேசும்போது ஆளு எவ்வளவு பெரியவர்னு மட்டும் பாக்க மாட்டாங்க, இன்னும் எத்தன வருஷம் பாக்கி இருக்குன்னும் பாப்பாங்க. இன்னொண்ணு, டீம் விட்டு போற ஸ்டாருக்கு குவாலிஃபையிங் ஆஃபர்னு ஒரு வருஷ சம்பளம் நீட்டி, அவர் வேணாம்னு சொல்லிட்டு வேற இடம் போனா பழைய டீமுக்கு ஒரு டிராஃப்ட் பிக், அதாவது புது பசங்கள தேர்ந்தெடுக்க ஒரு கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். ஆனா சீசன் நடுவுல வாங்கின ஆளுக்கு அந்த ஆஃபர் குடுக்க முடியாது. அதனாலதான் டிசம்பர்ல வித்தா ஜூலைல விக்கறத விட நல்ல விலை வரும், வாங்கறவனுக்கு முழு சீசனும் கிடைக்குது, ஆளு போனாலும் கையில ஒரு பிக்கும் மிஞ்சுது.

முதல்ல பாஸ்டன். 2020 பிப்ரவரில ரெட் சாக்ஸ் மூக்கி பெட்ஸ டாட்ஜர்ஸுக்கு வித்தாங்க. 2018 எம்விபி, அதே வருஷம் உலகத்தொடர் ஜெயிச்ச டீமோட உயிர். 2018, 2019 ரெண்டு வருஷமும் லக்சுரி டாக்ஸ் (மொத்த சம்பளம் ஒரு வரம்ப தாண்டினா கட்டற வரி) கட்டியாச்சு, மூணாவது வருஷமும் தாண்டினா ரேட் 50 சதவீதம். அதனால பெட்ஸ் கூட பிட்சர் டேவிட் பிரைஸயும் சேத்து அனுப்பினாங்க, அவருக்கு இன்னும் 3 வருஷத்துக்கு 9.6 கோடி டாலர் பாக்கி இருந்துச்சு, அதுல பாதிய பாஸ்டனே ஏத்துக்கிட்டாங்க. கறவ மாட்ட விக்கும்போது கடன் பத்திரத்தயும் கழுத்துல கட்டி விட்ட மாதிரி. வாங்கறவன் கடனயும் சேத்து சுமந்தா மாட்டுக்கு எப்படி முழு விலை குடுப்பான்? திரும்பி வந்தது அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். முதல்ல பேசினப்ப மின்னசோட்டாலேர்ந்து பிரஸ்டார் கிராடெரால்னு ஒரு வேகப்பந்து பையன் பாஸ்டனுக்கு வரணும், மெடிக்கல் ரிப்போர்ட் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க, அவரும் கடைசில டாட்ஜர்ஸுக்கே போய் சேந்தாரு.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பெட்ஸுக்கு 2020 ஜூலைலயே 12 வருஷம் 36.5 கோடி டாலர் எக்ஸ்டென்ஷன், அதே அக்டோபர்ல கோப்பை, அப்புறம் 2024, 2025ன்னு இன்னும் ரெண்டு. பாஸ்டன் 2020ல 24 வெற்றி, 36 தோல்வி, கடைசி இடம். டவுன்ஸ 2022 டிசம்பர்ல வெய்வர்ல, அதாவது வேற டீம் சும்மாவே எடுத்துக்கலாம்னு விட்டுட்டாங்க, வெர்டூகோவ 2023 டிசம்பர்ல பரம எதிரி யாங்கீஸுக்கே அனுப்பிட்டாங்க. 2021ல உலகத்தொடருக்கு முந்தின லீக் சாம்பியன்ஷிப் சீரிஸ் வரைக்கும் போனாங்க, அத மறைக்கல, ஆனா அது பெட்ஸ் டிரேட்ல வந்த லாபம்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

இதுக்கு நேர் எதிர்ல சான் டியேகோவ வைக்கணும். 2023 டிசம்பர்ல பாட்ரேஸ் ஸ்டார் பேட்டர் ஹுவான் ஸோட்டோவ யாங்கீஸுக்கு வித்தப்ப நிலைமை பாஸ்டன விட மோசம். 2023ல 25 கோடி டாலர் அளவுக்கு சம்பளம் குடுத்து 82-80தான் வந்துச்சு, டிவி உரிமை வெச்சிருந்த கம்பெனி அந்த மே மாசமே பணம் கட்டாம கைய விரிச்சிடுச்சு, செலவுக்கு அஞ்சாத ஓனர் பீட்டர் சைட்லர் நவம்பர்ல இறந்துட்டாரு. ஸோட்டோவுக்கு ஆர்பிட்ரேஷன்ல 3 கோடி டாலருக்கு மேல போகும்னு தெரியும், 3.1 கோடிக்கு யாங்கீஸ் கையெழுத்து வாங்கினாங்க. ஆக பாட்ரேஸும் பணத்துக்காகத்தான் வித்தாங்க, ஆனா கேட்டது என்னன்னு பாருங்க. மைக்கேல் கிங், ராண்டி வாஸ்கெஸ், ஜானி பிரிட்டோ, ட்ரூ தார்ப், கேட்சர் கைல் ஹிகாஷியோகா. அஞ்சு பேர்ல தார்ப் மட்டும்தான் இன்னும் கீழ்மட்ட மைனர் லீக்ல இருந்த பையன், மத்த எல்லாரும் அந்த ஏப்ரல்லயே களத்துல இறக்கக்கூடிய ஆளுங்க, டீமுக்கு அப்ப எங்க ஓட்டையோ அதே இடத்துக்கு, பெரும்பாலும் பிட்சிங்குக்கு.

எனக்கு இந்த டிரேட்ல ரொம்ப பிடிச்சது அந்த தார்ப் விஷயம்தான். அவர மார்ச்லயே சிகாகோ வைட் சாக்ஸுக்கு அனுப்பி, கூட 3 பேர சேத்து, பிட்சர் டிலன் சீஸ வாங்கிட்டாங்க. சீஸ் அந்த ஜூலைல நோ-ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட விடாத மேட்ச்) போட்டாரு. கிங் 2024ல 173 இன்னிங்ஸுக்கு மேல போட்டு 201 ஸ்ட்ரைக் அவுட், இ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்கு சராசரியா விடற ரன், கம்மியா இருந்தா நல்லது) 2.95, அவ்வளவு நாள் பெரும்பாலும் புல்பென்ல (மேட்ச் நடுவுல மாத்தி இறக்கற பிட்சர்கள் இடம்) உக்காந்திருந்த மனுஷன். ஸோட்டோ நின்ன லெஃப்ட் ஃபீல்டுக்கு ஜூரிக்சன் ப்ரோஃபார வெறும் 10 லட்சம் டாலருக்கு கூப்பிட்டாங்க, அவர் 24 ஹோம் ரன் அடிச்சு ஆல்ஸ்டார் ஆனாரு. ஸோட்டோ கூடவே கிரிஷமும் போனதால காலியான சென்டர் ஃபீல்டுல ஷார்ட்ஸ்டாப்பா வளந்த ஜாக்சன் மெரில்ல நிறுத்தினாங்க, அவரும் 24 ஹோம் ரன். டீம் 93 ஜெயிச்சு பிளேஆஃப் போச்சு, டாட்ஜர்ஸ அஞ்சாவது மேட்ச் வரைக்கும் இழுத்துச்சு. ப்ரோஃபார் அப்படி ஆடுவாருன்னு யாரும் எதிர்பாக்கல, அது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு பெரிய சம்பளத்த பல சின்ன இடத்துக்கு பிரிச்சு போட்டதாலதான் அந்த அதிர்ஷ்டத்துக்கே இடம் கிடைச்சது.

வாங்கின யாங்கீஸும் இதுல ஏமாறலன்றத சொல்லியாகணும். ஸோட்டோ 41 ஹோம் ரன், கிளீவ்லாண்ட்ல பத்தாவது இன்னிங்ஸ்ல அவர் அடிச்ச 3 ரன் ஹோம் ரன்தான் அவங்கள 2009க்கு அப்புறம் முதல் தடவ உலகத்தொடருக்கு கொண்டு போச்சு. அப்புறம் அவர் மெட்ஸுக்கு 15 வருஷம் 76.5 கோடி டாலருக்கு போயிட்டாரு, அந்த காசுல யாங்கீஸ் பிட்சர் மேக்ஸ் ஃப்ரீட வாங்கினாங்க. ஒட்டிக்கிட்டு வந்த டிரென்ட் கிரிஷம் 2025ல 34 ஹோம் ரன் அடிச்சாரு, அத யாரும் கணக்குல சேக்கறதே இல்ல.

இதே ஸோட்டோவ 2022 ஆகஸ்ட்ல வாஷிங்டன் வித்தப்ப அவருக்கு ரெண்டரை சீசன் பாக்கி இருந்துச்சு. அப்ப கிடைச்சது சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் உட்பட அஞ்சு இளம் பசங்க, இந்த மூணு பேருமே பின்னாடி ஆல்ஸ்டார் ஆனாங்க. ஆனா 2025ல வாஷிங்டன் 96 மேட்ச் தோத்தாங்க. நல்ல விலைக்கு வித்தா மட்டும் போதாது, வந்தவங்கள சுத்தி வேற டீம் இருக்கணும்ல.

அந்த வேலைய வருஷா வருஷம் ஒழுங்கா செய்யறது மில்வாக்கி புரூவர்ஸ்தான். சின்ன ஊரு, சின்ன வருமானம், பிட்சர் கார்பின் பர்ன்ஸுக்கு 20 கோடி டாலர் குடுக்க வழியே இல்லன்னு அவங்களுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். 2024 பிப்ரவரில பால்டிமோருக்கு வித்து ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால், 34வது டிராஃப்ட் பிக் வாங்கினாங்க. மேனேஜர் கிரெய்க் கவுன்செல் வேற அதே குளிர்காலத்துல கப்ஸுக்கு போயிட்டாரு, எல்லாரும் புரூவர்ஸ் இந்த வருஷம் அவ்வளவுதான்னு எழுதிட்டாங்க, அவங்க 93 ஜெயிச்சு டிவிஷன எடுத்தாங்க. அடுத்த டிசம்பர்ல குளோசர் (கடைசி இன்னிங்ஸ் போட்டு முடிக்கற பிட்சர்) டெவின் வில்லியம்ஸ அவரோட கடைசி வருஷத்துக்கு முன்னாடி யாங்கீஸுக்கு வித்து நெஸ்டர் கோர்டெஸ், கேலப் டர்பின், கூட கொஞ்சம் காசு. 2025ல 97 வெற்றி, மொத்த மேஜர் லீக்லயே அதிகம். அங்க டர்பின் மூணாவது பேஸ்ல நின்னு ஆடிட்டு இருந்தான், இங்க வில்லியம்ஸ் இ.ஆர்.ஏ. 4.79ல திணறிட்டு இருந்தாரு.

பால்டிமோர் பக்கம் பாத்தா அந்த டிரேட் தப்பே இல்ல. கன்னர் ஹெண்டர்சன், ஜாக்சன் ஹாலிடேன்னு ஷார்ட்ஸ்டாப் பசங்க குவிஞ்சு கிடந்தாங்க, ஓர்ட்டிஸுக்கு இடமே இல்ல. பர்ன்ஸும் சொன்ன வேலைய செஞ்சாரு, 194 இன்னிங்ஸ், 2.92, பிளேஆஃப் முதல் மேட்ச்ல கன்சாஸ் சிட்டிக்கு எதிரா 8 இன்னிங்ஸ்ல ஒரே ரன், ஆனா பேட்டிங் ஒரு ரன் கூட எடுக்காம 1-0ன்னு தோத்தாங்க. தப்பு அடுத்த குளிர்காலத்துல நடந்துச்சு. பர்ன்ஸ் 21 கோடிக்கு அரிசோனா போனதும் அந்த இடத்த 41 வயசு சார்லி மார்ட்டன், 35 வயசு டொமோயுகி சுகானோன்னு ஒரு வருஷ ஒப்பந்தத்துல அடைக்க பாத்தாங்க, 75-87ன்னு கடைசி இடத்துக்கு போய் மேனேஜர மே மாசமே மாத்தினாங்க. ஒரு வருஷத்துக்கு ஏஸ, அதாவது முதல் நம்பர் பிட்சர வாங்கறவன் அவர் போன அடுத்த நாளுக்கும் சேத்து திட்டம் போடணும்.

கிளீவ்லாண்ட் ஸ்டார் ஷார்ட்ஸ்டாப் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர 2021 ஜனவரில மெட்ஸுக்கு வித்ததயும் இதே வரிசைல சேக்கலாம், சம்பள பாக்கி இருந்த பிட்சர் கராஸ்கோவ கூட சேத்து அனுப்பியும் ஆண்ட்ரெஸ் ஹிமெனெஸ் வந்தாரு, 2022ல ஆல்ஸ்டார், டிவிஷனும் வந்துச்சு. பாஸ்டனும் இவங்களும் ஒரே மாதிரி கட்டுதான் கட்டினாங்க, ஆனா கிளீவ்லாண்டுக்கு லிண்டோர வெச்சுக்க நிஜமாவே காசு இல்ல.

விக்காம வெச்சுக்கிட்ட கதைன்னா ஏஞ்சல்ஸ். பிட்சிங், பேட்டிங் ரெண்டும் செய்யற ஷோஹெய் ஓட்டானிய விக்க சரியான நேரம் 2022-23 குளிர்காலம், ஆனா அப்ப ஓனர் ஆர்ட்டி மொரேனோ டீமையே விக்கற யோசனைல இருந்தாரு, ஜனவரில அத கைவிட்டாரு. 2023 ஜூலைல பிளேஆஃபுக்கு கிட்டதான் இருக்கோம்னு சொல்லி ஓட்டானிய வெச்சுக்கிட்டு, எட்கர் க்வெரோன்னு நல்ல இளம் கேட்சர குடுத்து பிட்சர்கள் லூகாஸ் ஜியோலிட்டோவயும் ரெய்னால்டோ லோபெஸயும் வாங்கினாங்க. ஆகஸ்ட்ல தொடர்ந்து தோல்வி, 23ஆம் தேதி ஓட்டானிக்கு முழங்கைல காயம், மாசக் கடைசில டாக்ஸ் மிச்சம் பண்ணணும்னு அதே ஜியோலிட்டோ, லோபெஸ் உட்பட ஒரு கூட்டத்தயே வெய்வர்ல விட்டாங்க, கிளீவ்லாண்ட் அதுல மூணு பிட்சர சும்மா தூக்கிக்கிட்டு போனாங்க. 73-89. டிசம்பர்ல ஓட்டானி டாட்ஜர்ஸ்ல 10 வருஷம் 70 கோடி, அதுல 68 கோடி பின்னாடி வாங்கிக்கற மாதிரி. ஏஞ்சல்ஸுக்கு மிஞ்சினது ரெண்டாவது ரவுண்டுக்கு அப்புறம் வர்ற ஒரு டிராஃப்ட் பிக். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு சொல்வாங்களே, அதேதான்.

இருந்தாலும் பாஸ்டனயும் ஏஞ்சல்ஸயும் நேருக்கு நேர் வெச்சா, பெரிய தப்பு பாஸ்டன்தான்னு நான் சொல்வேன். நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. ஏஞ்சல்ஸ் தப்பா கணக்கு போட்டாங்க, ஆனா ஜெயிக்கணும்னு ஆசப்பட்டுத்தான் போட்டாங்க, ஓட்டானி ஆடற கடைசி மாசங்கள அந்த ஊரு ஜனங்க நேர்ல பாத்தாங்க. பாஸ்டன் கிட்ட பணம் இருந்துச்சு, மைதானம் நிறையற ஊரு, 27 வயசு பெட்ஸ வெச்சுக்க முடிஞ்ச டீம் அது, டாக்ஸ் கோட்டுக்கு கீழ வரணும்னு மட்டும் வித்தாங்க, விக்கும்போது கூட முழு விலை கேக்கல. மில்வாக்கி விக்கறதயும் பாஸ்டன் விக்கறதயும் ஒரே தராசுல போட எனக்கு மனசு வரல.

இப்ப டெட்ராய்ட். ஸ்கூபலுக்கு பாட்ரேஸ் வாங்கின மாதிரி விலை கேக்கலாம், இன்னும் அதிகமாவே வரும், உலகத்துலயே பெஸ்ட் பிட்சர். ஆனா பாட்ரேஸுக்கு ஸோட்டோ போனா ஒரு பேட்டர்தான் குறையறாரு, அஞ்சு பிட்சர் இல்லாம சீசனே ஆரம்பிக்க முடியாத நிலைமைல இருந்தாங்க. டைகர்ஸ் 2025ல 87 ஜெயிச்ச டீம், அவங்களுக்கு அக்டோபர்ல முதல் மேட்சும் கடைசி மேட்சும் போட ஒரே ஒரு ஆள்தான், அவர வித்துட்டு மூணு நல்ல பசங்கள வாங்கினாலும் அந்த 13 ஸ்ட்ரைக் அவுட் ராத்திரிய அவங்க யாரும் போட போறதில்ல. வெச்சுக்கணும்ன்றதுதான் என் கட்சி, ஆனா பால்டிமோர் மாதிரி பேட்டிங்க அப்படியே விட்டுட்டு வெச்சுக்கக்கூடாது, ஏஞ்சல்ஸ் மாதிரி ஆகஸ்ட்ல பயந்து பின்வாங்கவும் கூடாது. சியாட்டில்ல அந்த 15 இன்னிங்ஸ்ல டெட்ராய்ட் எடுத்தது மொத்தம் 2 ரன், ரெண்டுமே கெர்ரி கார்பென்டர் அடிச்ச ஒரே ஹோம் ரன்ல வந்தது. செலவு பண்ணணும்னா முதல்ல அங்கதான் பண்ணணும்.