ஸ்க்ராட்ச்: பூனை போய் காளை வந்தது

மேலூர்ப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர் நான். கோடிங் என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட, பிள்ளைகள் கோடிங் பழகுகிற மென்பொருளான ஸ்க்ராட்சுக்குக் காசில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். எங்கள் ஊர் சிக்னலுக்கு அதுவே பெரிய விஷயம்.

கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் பொம்மை நகரும். திறந்ததும் வருகிற பூனையை அழித்துவிட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நீலக்கொம்புக் காளை வரைந்தாள். மாடுபிடி வீரன் திமிலைத் தொட்டதும் "டேய், விடாதடா!" என்று அவள் குரலே கத்துகிறது, மைக்கில் அவளே பதிந்தது. அலங்காநல்லூர் தோற்றது போங்கள்!

வரையும்போது லேப் மவுஸ்தான் படுத்துகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு டேப்லெட்டில் ஸ்க்ராட்ச் ஜூனியர் தனியாக இருக்கிறது.