கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மருந்து மையம்: நேரம் சரி, அளவு சரியில்லை

வலி மாத்திரைக்கும் ஹெராயினுக்கும் பழகிப்போனவர்களுக்குத் தினமும் பியூப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்து கொடுக்கும் சிறிய மையம் ஒன்று ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. அதைப் பற்றிய மதிப்பீடு இது. மையத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதப்போவதில்லை. சின்ன ஊர், வாசலில் நிற்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அதில் இரண்டு, மையம் திறக்கும் நேரத்துக்கே.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. இந்தக் கணக்கு தெரியாமல் ‘காலை 9.30 முதல் 1 மணி வரை, ஞாயிறு விடுமுறை’ என்று பலகை மாட்டினால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை மருந்து வாங்கிய விசைப்படகுக்காரர் சனிக்கிழமை கதவு திறக்கும் முன்பே கடலில் இருப்பார். ஞாயிறு கரைக்கு வந்தால் மையம் பூட்டியிருக்கும். திங்கள் மறுபடி கடல். அடுத்த மருந்து செவ்வாய்க்கிழமை. நடுவில் மூன்று நாள் ஒன்றுமில்லை. இந்த மருந்து உடம்பில் ஒரு நாளுக்கு மேலேயே நிற்கும் என்பதால் ஒரு நாள் தவறினால் சமாளிக்கலாம். மூன்று நாள் தவறினால் கை கால் குடைச்சலும் வயிற்றுப்போக்கும் ஆளைப் பிடித்துவிடும். அந்த நிலையில் படகுத்துறையில் மாத்திரை விற்பவன்தான் பக்கத்தில் இருப்பான். ‘இவனுக்கு மனசே இல்லை’ என்று பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்கும் மையங்கள் முதலில் தங்கள் கதவின் பூட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த மையம் அதைப் பார்த்திருக்கிறது. திங்கள், புதன், சனி விடிகாலை 5.30-க்குத் திறக்கிறார்கள். ஞாயிறும் இரண்டு மணி நேரம் உண்டு. புதிதாகச் சேர வருபவரை மட்டும் விடிகாலையில் எடுப்பதில்லை, பத்து மணிக்கு மேல் வரச் சொல்கிறார்கள். அதுவும் சரிதான். கடைசியாக மாத்திரையோ ஹெராயினோ எடுத்து 12 மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே முதல் மருந்து கொடுக்க வேண்டும். ராத்திரி எடுத்துவிட்டு விடிகாலையில் வருபவருக்கு அவசரத்தில் கொடுத்தால், உள்ளே இருக்கும் போதையை இந்த மருந்து ஒரேயடியாகத் தள்ளிவிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேதனையைக் கொண்டுவந்துவிடும். அப்படி அவதிப்பட்டவர் திரும்ப வரமாட்டார். ஊருக்குள் போய் ‘அது விஷம்’ என்று இன்னும் பத்துப் பேரையும் தடுத்துவிடுவார். இங்கே 2 மி.கி. கொடுத்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்த பிறகே அடுத்த 2 மி.கி.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை சுத்தம். வாயில் இருக்கும் ஹான்ஸ் புகையிலையை முதலில் துப்பி வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். இரவெல்லாம் கடலில் இருந்தவருக்கு நாக்கு காய்ந்திருக்கும், அதில் மாத்திரை கரையாது. அதனால் ஒரு மடக்குத் தண்ணீர் முன்னாலேயே. மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, கரண்டியின் அடிப்பாகத்தால் ரவைப் பதத்துக்கு நொறுக்கி நாக்குக்கு அடியில் கொட்டுகிறார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் பேச்சு இல்லை, எச்சில் விழுங்கல் இல்லை. விழுங்கினால் பெரும்பகுதி வீண், வயிற்றின் வழியாக இந்த மருந்து சரியாக ஏறாது. நாக்கைத் தூக்கச் சொல்லி வெள்ளை மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். கரைந்ததும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். பல் சொத்தையாகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் எச்சரித்த விஷயம் இது. இதைச் சொல்லித் தரும் மையங்கள் குறைவு, இங்கே சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தால் மருந்து கிடையாது. ஆனால் விரட்டுவதில்லை, தெளிந்த பிறகு மதியம் வரச் சொல்கிறார்கள். சாராயமோ தூக்க மாத்திரையோ இதனுடன் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனி குறை. நான்கு மி.கி.யிலேயே மாதக்கணக்கில் ஆளை நிறுத்திவைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு 8 முதல் 16 மி.கி. வரை தேவைப்படும். அளவு போதாதவருக்குச் சாயங்காலமே முதுகு இழுக்கும், விடிகாலை மூன்று மணிக்குக் கொட்டாவியோடு முழிப்பு வரும். அந்த இடைவெளியை அவர் டேபென்டடால் என்ற வலி மாத்திரையை வாங்கித்தான் நிரப்புவார். சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரிந்ததும் ‘மருந்தும் எடுக்கிறான், போதையும் எடுக்கிறான்’ என்று திட்டு. பரிசோதனை முடிவு உண்மையில் சொல்வது அளவைக் கூட்டு என்பதைத்தான். பிரச்சினையின் வேர் எளிது: டாக்டர் வாரத்தில் இரண்டே நாள் வருகிறார், அளவைக் கூட்ட அவர் கையெழுத்து வேண்டும், அந்த இரண்டு நாளும் விசைப்படகுக்காரர் கடலில். முதல் இரண்டு வாரத்துக்கு எந்த அறிகுறிக்கு எவ்வளவு கூட்டலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதிவைத்தாலோ, நர்ஸ் போனில் கேட்டுக் குறித்துக்கொண்டாலோ தீர்ந்துவிடும். மையத்தை விட்டு விலகுவோரில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே போகிறார்கள் என்பதால் இதைச் சின்ன குறையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்புவதிலும் கை இறுக்கம். 2020 ஊரடங்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே இதை அனுமதித்தது. போதையை முறிக்கும் நலாக்ஸோன் கலந்த மாத்திரை இருக்கவே இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்ஸோன் வேலை செய்யாது, கரைத்து ஊசியில் ஏற்றினால் வேதனையைக் கிளப்பிவிடும், அதனால் வெளியே விற்கும் ஆசை குறையும். மூன்று மாதம் ஒழுங்காக வந்தவருக்கு வாரத்துக்கு இரண்டு நாள் மருந்து கையில் கொடுக்கலாம். பூட்டுள்ள டப்பாவில் வைக்கச் சொல்ல வேண்டும், ஒரு மாத்திரை போதும் குழந்தையின் மூச்சை நிறுத்த.

தேடிப்போகும் வேலை நன்றாக நடக்கிறது. இரண்டு நாள் வராவிட்டால் போன். சேரும்போதே மூன்று எண்கள் வாங்கி, ‘வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்?’ என்றும் படிவத்தில் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஒருவர் ‘வலைக் கடையிலிருந்து’ என்பார், இன்னொருவர் ‘அண்ணியிடம் மட்டும் சொல்லுங்க’ என்பார். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவரின் வீட்டோடும் தொடர்பை விடுவதில்லை. வாரக்கணக்கில் யாழ்ப்பாணச் சிறையில் மருந்தில்லாமல் இருந்தவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். வந்த சூட்டில் பழைய அளவு போதையை எடுத்தால் உயிர் போகும் ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் தவறியவரை 2 மி.கி.யிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள், அதுதான் முறை. பூட்டிவைக்கும் ‘மறுவாழ்வு’ வீடுகளிலிருந்து வெளியே வருபவருக்கும் இதே ஆபத்துதான். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் போன பிறகும், ‘கட்டிவச்சுப் பார்ப்பீங்களா?’ என்று கேட்டு வரும் குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. மையத்தின் ஆலோசகர் அவர்களோடு பொறுமையாகப் பேசுகிறார்.

ஊசிப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் அதே கட்டடத்தில். மாத்திரையைக் கரைத்து ஊசி போடும்போது அதில் இருக்கும் மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைத்துப் புண்ணாக்கும். புண்ணுக்கு வருபவர் மருந்துக்கும் நிற்பார். ஹெபடைடிஸ் சி-க்கு அரசுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்.

வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இருப்பது பெரிய தவறு. பின்பக்கம் ஒரு கதவு இருந்தும் அதில் அட்டைப்பெட்டிகள். பெண்களுக்குத் தனி நேரம் கிடையாது, அதனால் மாத்திரைக்குப் பழகிய பெண்கள் வாசல்வரைகூட வருவதில்லை. போலீஸ் பயமும் இருக்கிறது. சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்டவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும், சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அது பறிபோகலாம். இதை இங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சேர நினைப்பவருக்கு நல்ல சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், தினமும் வந்து அளவை நிலைப்படுத்திக்கொள்ளலாம். ஜூன் முதல் வாரத்திலேயே ‘கடலுக்குப் போனதும் எத்தனை மணிக்கு வருவேன்’ என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பதிவுக்குப் பணம் வாங்குவதில்லை. போகும் முன் போனில் கேட்க வேண்டியவை: டாக்டர் வரும் நாள், ஞாயிறு திறப்பு, அதிகபட்ச அளவு. கடைசிக் கேள்விக்கு ‘எல்லாருக்கும் நாலுதான்’ என்று பதில் வந்தால், 14446 என்ற தேசிய உதவி எண்ணில் வேறு மையம் விசாரிக்கலாம்.