கண்ணாடி மணிகளுக்கு எந்த கேமரா அமைப்பு? சில வருட அனுபவம்

அக்கா டார்ச் நெருப்பில் கண்ணாடிக் குச்சியை உருக்கி மணி செய்கிறாள். அதைக் கோத்துத் தோடு, மாலை, ஜிமிக்கி என்று இணையத்தில் விற்கிறாள். படம் எடுப்பது என் பொறுப்பு. கையில் இருப்பது கேனான் 200டி கேமராவும் இஎஃப்-எஸ் 60 மிமீ மேக்ரோ லென்சும் (சின்னப் பொருளைக் கிட்டே போய் எடுக்கும் லென்ஸ்). கேமரா 2017இல் வந்தது, லென்ஸ் 2005இல். இரண்டுமே இன்றைக்குப் பழசுதான், ஆனால் இத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, ஏனென்றால் மணிப் படத்தில் தவறுகிற எதுவும் கேமராவின் வயதால் தவறுவதில்லை. கேமரா தானாக முடிவெடுக்கிறதே, அதனால்தான் தவறுகிறது. அதனால் இந்த வேலைக்கு என் கேமராவில் 'ஆட்டோ' என்று எதுவுமே ஓடாது.

பெரிய தலைவலி நிறம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) படச்சட்டத்துக்குள் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடும். வெள்ளைத் தாளில் நீல மணி வைத்தால் ஒரு கணக்கு, அதே இடத்தில் அம்பர் மணி வைத்தால் வேறு கணக்கு. ஒரே மாலையின் இரண்டு படங்களில் தாள் ஒன்றில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் இருந்தால் வாங்குகிறவர் எதை நம்புவார்? இதற்கு வழி சுலபம். விளக்கெல்லாம் வைத்து முடித்ததும் மணி இருக்கப்போகிற இடத்தில் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம், அப்புறம் மெனுவில் 'கஸ்டம் ஒயிட் பேலன்ஸ்' போய் அந்தப் படத்தைக் காட்டிவிட வேண்டும். விளக்கை நகர்த்தினால், புதுத் துணி விரித்தால், மறுபடியும் ஒரு தடவை. பிக்சர் ஸ்டைலை 'நியூட்ரல்' என்று வைத்து, நிழலைத் தானாக வெளுக்கவைக்கும் 'ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர்' வசதியையும் அணைத்துவிட்டேன். ராவும் (சென்சார் பதிந்தபடியே இருக்கும் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்தே எடுக்கிறேன்.

ஜன்னல் வெளிச்சம் இலவசம்தான். ஆனால் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் எதிர் பிளாக்கின் சுவரில் பட்டு வருகிற வெளிச்சத்துக்கு அந்தச் சுவரின் நிறம் ஒட்டிக்கொள்ளும். மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்து மழை கொட்டும், புகைமூட்ட நாட்களில் எல்லாமே பழுப்பாகிவிடும். வாரக் கடைசியில் ஒரே மூச்சில் முப்பது நாற்பது மணிகளை எடுக்க வேண்டியவனுக்கு இது தோதுப்படாது. திரைச்சீலையை மூடிவிட்டு இரண்டு எல்இடி விளக்குகளை மட்டும் போடுகிறேன். விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற மதிப்பெண்) 95க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வாட் எல்லாம் அப்புறம். கூடவே சமையலறை டியூப் லைட்டை அணைக்க மறக்காதீர்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் எந்த ஒயிட் பேலன்சும் உதவாது.

ஒரு வகைக் கண்ணாடிக்கு மட்டும் இதெல்லாம் செல்லாது. நியோடிமியம் கலந்த கண்ணாடி பகலில் இளம் ஊதாவாக இருக்கும், டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோனால் நீலமாகிவிடும். கேமரா ஏமாறுகிறது என்று நினைக்க வேண்டாம், நம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். அதற்கு நாங்கள் இரண்டு படம் போட்டு, எது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று எழுதிவிடுகிறோம். அதைப் பார்த்துதான் வாங்கவே வருகிறார்கள் சிலர்.

சரி, ஃபோகஸ். மேக்ரோ லென்ஸ் கையில் வந்ததும் எல்லோருக்கும் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போகத்தான் ஆசை வரும். இந்த லென்சில் மணியின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி, அதாவது ஒன்றுக்கு ஒன்று, எடுக்கலாம். ஆனால் அப்போது லென்சின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மையாகத் தெரிகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மணியின் நெற்றி தெரியும், கன்னம் மங்கிவிடும். இன்னும் சிறிய துளையான எஃப்/22க்குப் போய்ப் பார்க்கலாமே என்றால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மொத்தமும் மெழுகியது போலாகிவிடும். அதனால் நான் பின்னால் நகர்ந்துவிடுகிறேன். மூன்றில் ஒரு பங்கு அளவில் எடுத்தால் அதே எஃப்/11இல் ஆழம் சுமார் 5 மில்லிமீட்டர் கிடைக்கிறது, 12 மில்லிமீட்டர் மணியின் முன்பாதிக்கு அது ஏறக்குறையப் போதும். படம் 6000 பிக்சல் அகலம், வெட்டி எடுத்தாலும் மணி மட்டுமே ஆயிரம் பிக்சலுக்கு மேல் நிற்கும். கைப்பேசித் திரையில் பார்க்கிறவருக்கு அதற்கு மேல் எதற்கு?

ஃபோகஸைக் கையால்தான் வைக்கிறேன். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கி, மணிக்கு உள்ளே இருக்கும் பூவேலைப்பாட்டின் முன்னோரத்தில் நிறுத்துவேன். தானியங்கியிடம் விட்டால் அது மேல்பரப்பில் மின்னுகிற வெள்ளைப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, முக்காலி, இரண்டு நொடி டைமர். இதில் பேச ஒன்றுமில்லை. ஷட்டரில் மட்டும் ஒரு நுணுக்கம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். 1/100, 1/50, 1/25, 1/10 நொடி என்று வைத்தால் முழுத் துடிப்புகளாக விழும், 1/60 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். நான் பெரும்பாலும் 1/10. அவ்வளவு மெதுவான ஷட்டரில் கூரை விசிறி ஓடினால் தொங்குகிற தோடு ஆடிவிடும், ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க எடுக்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் இதுதான் உண்மையான செலவு.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவைப் பொறுத்தவரை, வெள்ளைத் தாளைக் கண்டால் கேமரா அதைச் சாம்பலாக்கவே பார்க்கும், மேனுவலில் ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்தால் சரியாகும். கறுப்பு வெல்வெட்டில் அதற்கு நேர்மாறு. இதில் ஒரு கண்ணி சிவப்பு மணி. வெளிச்ச அளவைக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் வரைபடம் நல்லபிள்ளை போல நடுவில் நிற்கும், ஆனால் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும், படத்தில் மணி ஒரே சிவப்புப் பொட்டாகிவிடும், உள்ளே இருக்கும் வளையமும் குமிழியும் காணாமல் போகும். அதனால் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் முக்கால் ஸ்டாப் குறைக்கிறேன்.

உருண்டை மணி ஒரு குட்டிக் குவியாடி. அறை முழுவதும் அதில் தெரியும், கேமரா, முக்காலி, என் சட்டை உட்பட. கறுப்புச் சட்டைதான் போடுவேன். எல்இடி பட்டை ஒட்டிய மடக்குப் பெட்டி ஒன்றும் வாங்கினோம், அதில் வைத்தால் மணியின் மேல் வரிசையாக முத்து முத்தாக விளக்குப் புள்ளிகள். நடுவில் ட்ரேசிங் பேப்பர் கட்டியதும் ஒரே மென்மையான வெளிச்சமாக மாறிவிட்டது, செலவு இரண்டு மூன்று சிங்கப்பூர் வெள்ளிதான். நிறமில்லாத தெளிந்த கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துங்கள், விளிம்பு கோடு போட்டதுபோல் தெளிவாக எழும். அக்காவுக்குத் தன் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையின் மேல் வைத்து எடுக்க ஆசை. தெளிந்த மணி அந்தச் சிவப்பை அப்படியே குடித்துவிடும். "இது என் மணியே இல்லைடா" என்று அவளே சொல்லிவிட்டாள். அழகான படம்தான், விற்பனைக்கு ஆகாது.

போலரைசர் ஃபில்டர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 52 மிமீ போதும் இந்த லென்சுக்கு. கண்ணாடியின் மேல்மினுக்கைக் குறைக்கும், வெள்ளிக் கம்பியின் மினுக்கில் அதன் வித்தை பலிக்காது. முழுதாகத் திருப்பி மினுக்கையெல்லாம் எடுத்துவிட்டால் கண்ணாடி பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பாதி திருப்பி, ஒரு சிறு ஒளிக்கீற்றை விட்டுவைக்கிறேன். ஃபில்டர் தின்கிற வெளிச்சத்துக்கு ஷட்டரை இன்னும் மெதுவாக்கினால் போதும், ஐஎஸ்ஓவைத் தொடுவதில்லை.

எந்த அமைப்பாலும் மறைக்க முடியாத ஒன்று துளைக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடி. உருகிய கண்ணாடியைச் சுற்றுகிற கம்பியை விட்டு மணி கழன்று வர, அந்தக் கம்பியில் பூசுகிற களிமண் அது. கண்ணுக்குத் தெரியாது, மேக்ரோவில் பளிச்சென்று தெரியும். தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுத்த பிறகே கேமரா முன் வரலாம் என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கைரேகைக்கு மைக்ரோஃபைபர் துணி, தூசிக்கு ஊதுகுழல்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று: இந்த ஊர் ஈரத்துக்கு லென்சை அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். டிரை கேபினெட்டில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கிறேன், லென்ஸ் இன்னும் சுத்தம். பெனின்சுலா பிளாசா பக்கம் பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்களும் கைப்பேசி டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து, உள்ளே நூல் நூலாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.