ஈரோட்டில் எபிரெய வகுப்பு: ‘ஷல்வா’ படித்த மாலை

ஈரோட்டில் ஒரு தேவாலயத்தின் பக்க அறையில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் எபிரெய வகுப்பில் எட்டு வாரம் பயின்று முடித்திருக்கிறேன். சேரலாமா என்று காங்கேயத்தில் என் சபையார் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். முதல் நான்கு வாரங்கள் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் போய்விடுகின்றன. அதன்பின் வாரத்துக்கு ஒரு சொல். ஐந்தாம் வாரச் சொல் ‘ஷல்வா’. அமைதி, நிம்மதி, சுகம் என்றெல்லாம் பொருள் சொல்லத்தக்க அந்தச் சொல்லை ஆசிரியர் நடத்திய விதத்தைக் கொண்டே இந்த வகுப்பின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் எல்லோரும் சமாதானத்தைக் குறிக்கும் ‘ஷாலோம்’ என்ற சொல்லை மட்டும் அறிந்து வந்தவர்கள். இரண்டும் ஒன்றுதானே என்ற எண்ணத்தை ஆசிரியர் முதலிலேயே களைந்தார். ஷாலோம் முழுமையைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. ஷல்வாவின் வேர் வேறு, அது தொல்லையின்றி இளைப்பாறி இருக்கும் நிலையைச் சொல்வது. 122ஆம் சங்கீதத்தின் 7ஆம் வசனத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: அலங்கத்துக்குள்ளே (மதிலுக்குள்ளே) சமாதானம், அரமனைகளுக்குள்ளே சுகம். அந்தச் ‘சுகம்’தான் ஷல்வா. அதற்கு முந்தைய வசனத்தை அவர் எபிரெயத்தில், ‘ஷஅலூ ஷெலோம் யெருஷாலாயிம், யிஷ்லாயூ’ என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தபோது, ஷகரமும் லகரமும் அலையலையாய்த் திரும்பி வருவதை மோனைக்குப் பழகிய எங்கள் காது தானாகவே பிடித்துக்கொண்டது. மொழிபெயர்ப்பில் வரவே முடியாத அந்த ஓசையைக் கேட்டதற்காகவே கட்டணம் கொடுத்தது தகும்.

ஷல்வா என்ற பெயர்ச்சொல் எபிரெய வேதாகமம் முழுவதிலும் எட்டே இடங்களில்தான் வருகிறது. அவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்து பார்க்கச் செய்தார். நீதிமொழிகள் 17:1இல் அது ‘அமரிக்கை’, அதாவது சலனமற்ற அமைதி, ஆகிறது. சண்டை நிறைந்த வீட்டின் கொழுமையான உணவைவிட, அமரிக்கையோடு உண்ணும் வெறும் துணிக்கை நலம் என்பது அவ்வசனம். அங்கே மூலத்தில் இருப்பது ‘சண்டையின் பலிகள்’ என்ற தொடர். அதாவது பலியிட்ட ஆட்டின் இறைச்சி வீடு நிறையக் கிடக்கிறது, ஆனால் உள்ளே சச்சரவு. கெடாவெட்டுக்குக் கூடிய பங்காளிகள் வரப்புத் தகராறைக் கிளப்பி, இலை போட்ட பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போவதைப் பார்த்திருக்கிற எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்துத் திறந்த வசனங்கள்தான் அறையை மௌனமாக்கின. நீதிமொழிகள் 1:32இல் மூடரை அழிப்பதும் இதே ஷல்வா. தமிழில் அங்கே ‘நிர்விசாரம்’ என்று இருக்கிறது. எசேக்கியேல் 16:49இல் சோதோமின் அக்கிரமமாகச் சொல்லப்படுபவை கர்வம், உணவின் மிகுதி, நிர்விசாரமான சுகவாழ்வு, இவற்றோடு எளியவனின் கையைத் தாங்காமை. விசாரம் என்பது கவலையையும் குறிக்கும், சிந்தனையையும் குறிக்கும்; ஆகவே கவலையற்ற வாழ்வும் சிந்தனையற்ற வாழ்வும் நிர்விசாரம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே எபிரெயச் சொல்லுக்கு இடமறிந்து சுகம், அமரிக்கை, நிர்விசாரம் என்று மூன்று தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தவர்களின் மொழியறிவை நான் இத்தனை ஆண்டுகளாகக் கவனிக்காமலே வாசித்து வந்திருக்கிறேன்.

முன்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர், “ஏனுங்கய்யா, அப்ப நிம்மதியா இருக்கறதே தப்புங்களா?” என்று கேட்டார். ஆசிரியர் அந்தக் கேள்வியை அவசரமாக மூடிவிடவில்லை. 2 நாளாகமம் 29:11இல் எசேக்கியா அரசர் ஆலய ஊழியரான லேவியரிடம் அசட்டையாக இராதீர்கள் என்று சொல்லும் வினையும் இந்த வேரோடு சேர்த்து எண்ணப்படுவது என்று காட்டினார். அதன்பின் 1 நாளாகமம் 4:40க்கு வரச் சொன்னார். மந்தைகளுக்குப் புல் தேடிப் போன சிமியோன் குலத்தார் கண்ட நிலம் அங்கே ‘இரு கையும் அகன்றது’ என்ற பொருள்படும் தொடராலும், ஷல்வாவின் உரிச்சொல்லாலும் வருணிக்கப்படுகிறது. எனக்கு எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு கண்முன் வந்தது: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், மேய்ப்பவர் கூட இல்லாமல் தலை கவிழ்ந்து மேயும் ஆடுகள். ஆனால் அடுத்த வசனத்திலேயே, அங்கே அமைதியாய்க் குடியிருந்தவர்கள் வந்தவர்களால் முறியடிக்கப்படுகிறார்கள். பெரியம்மாவுக்கான பதிலை ஆசிரியர் சொல்லாமல் அந்த வசனத்தை வாசித்து நிறுத்தினார். பெரியம்மா தலையை மெல்ல அசைத்து, அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்துக்கொண்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதன்மையானது, கையில் தரும் நகல் தாள்கள். நகலின் நகலை எடுத்துத் தருவதால் எபிரெயப் புள்ளிகள் பல இடங்களில் அழிந்துவிட்டன. இது சிறிய குறை அன்று. ஷின், லாமெத், வாவ் என்ற மூன்று எழுத்துகளில் முதல் எழுத்தின் வலத்தோளில் புள்ளி இருந்தால் அமைதியாய் இருப்பதைக் குறிக்கும் ‘ஷாலேவ்’. இடத்தோளில் இருந்தால் ‘செலாவ்’, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் உண்ட காடை. ஆசிரியர் சுண்ணக்கட்டியால் புள்ளியை அழித்து மறுபக்கம் வைத்துக் காட்டியபோது எல்லோரும் வியந்தோம். குனிந்து என் தாளைப் பார்த்தால் அங்கே எந்தப் பக்கமும் புள்ளியே இல்லை. நிர்வாகத்தினரிடம் இரண்டு முறை சொல்லியும் எட்டாம் வாரம் வரை தாள் மாறவில்லை.

இரண்டாவது, நேரப் பங்கீடு. யோபு 3:26இல் ஷல்வாவின் வினையும், நிலம் ஓய்ந்திருந்தது என்று நியாயாதிபதிகள் நூலில் வரும் ‘ஷாகத்’தும், இளைப்பாறுதலுக்குரிய ‘நூவஹ்’வும் வரிசையாக நின்று, மூன்றும் தனக்கு இல்லை என்று யோபு புலம்புகிறார். சொல்லுக்குச் சொல் நுணுக்கமான வேறுபாடு விளங்கக்கூடிய இடம் அதுதான். அதற்குக் கடைசி ஐந்து நிமிடமே கிடைத்தது. பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்குள் எழுந்துவிட்டார்கள்.

இவ்வளவு இருந்தும், வேதாகமத்தைத் தமிழில் ஆழ்ந்து வாசிக்கிறவர்கள் தயங்காமல் சேரலாம். முதல் நான்கு வாரங்களைத் தவறவிடாதீர்கள். எழுத்து பிடிபடாவிட்டால் பின்பாதி வெறும் பிரசங்கம்போல் கடந்துவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்ட பழைய மொழிபெயர்ப்பை எடுத்துச் செல்லுங்கள். தாளுக்குப் பதிலாக மூலக்கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி முதல் நாளே கேட்டுவிடுங்கள். எங்கள் வகுப்பில் அப்படிக் கேட்டவர்களுக்கு மட்டுமே புள்ளிகள் தெரிந்தன.