மலிவு டிக்கெட்டில் கோத்தகிரிக்கு

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு மலிவு விமானம். சென்னையிலிருந்து கோவைக்கு வேறொரு நிறுவனத்தின் மலிவு விமானம். இரண்டையும் தனித்தனியாக வாங்கினேன். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் மலேசிய ரிங்கிட்டில் ஏறக்குறைய இருநூறு கூடியிருக்கும். அதை மிச்சம் பிடித்த சாமர்த்தியத்தை வீட்டில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் பயணம்.

முதல் விமானத்தைப் பற்றிப் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மணி நேரம் முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும், தண்ணீருக்கும் காசு கொடுக்க வேண்டும், ஜன்னல் இருக்கைக்குத் தனிக் கட்டணம். இதெல்லாம் தெரிந்து ஏறுகிறவன் புலம்பக் கூடாது. புறப்படவே இரண்டு மணி நேரம் தாமதமானதுதான் பிரச்சினை. அதற்கு வருந்துவதாக ஒரு குரல் மூன்று மொழிகளில் சொன்னது.

சென்னையில் நாலரைக்குத் தரையிறங்கியபோதுகூட எனக்குப் பதற்றம் இல்லை. கோவை விமானம் ஆறரைக்குத்தானே! ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக மாறாது. குடியேற்றப் பிரிவு வரிசையில் நின்று, பெட்டி வரும்வரை காத்திருந்து, சுங்கத்தைத் தாண்டி, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்குப் போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கவுன்டருக்கு நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி 5.38. விமானம் புறப்பட இன்னும் 52 நிமிடம் இருந்தது. கவுன்டரை 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள்.

"முதல் விமானம் தாமதம் என்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும் சார்" என்றார் அங்கிருந்த பெண். அவர்களிடம் கேட்டால், "சென்னைவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோமே" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. தனித்தனி என்றால் நம் பாடு. இரவு 9.40 விமானத்துக்கு அங்கேயே புது டிக்கெட் வாங்கினேன். அதன் விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது. விமானத்தைத் தவறவிட்டாலும் டிக்கெட்டில் உள்ள வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விதி. கேட்டு விண்ணப்பித்தேன், சில நூறு ரூபாய் திரும்பி வந்தது. விட்ட காசில் அது பொட்டுக்கடலைதான், ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

கோவை பீளமேட்டில் இறங்கியபோது இரவு பத்தே முக்கால். மலைக்காரனுக்கு மலிவு டிக்கெட் உண்மையில் கசக்கத் தொடங்குவது இங்கேதான். கோவைக்காரன் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான். எனக்கு மேட்டுப்பாளையம் போய், அதற்குமேல் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் ஏற வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை எங்கே தேடுவது? விடிய விடிய பேருந்து நிலைய பெஞ்சில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், அல்லது டாக்சி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, டாக்சி.

ஓட்டுநர் ஏறியவுடன் கேட்டது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் இதைப் பதிந்துகொண்டுதான் போக வேண்டும். அரசு பஸ்ஸுக்கும் எங்கள் மாவட்ட டிஎன் 43 பதிவெண் வண்டிகளுக்கும் தேவையில்லை. சொந்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டா என்று ஒரு நொடி சுருக்கென்றது. ஆனால் அனுமதி வண்டிக்கு, எனக்கல்ல. சீசனில் பர்லியாறு முதல் குன்னூர்வரை வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தவன் இதற்குக் கோபப்பட முடியாது. ஓட்டுநர் தன் கைப்பேசியிலேயே ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் அதைப் பார்த்துவிட்டு, இருக்கையில் கிடந்த, மலையில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று காலையிலிருந்து என்னிடம் பறிபோன மூன்றாவது தண்ணீர் அது.

வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஒன்றரை. அம்மா தூங்கவில்லை.

திரும்பும் பயணத்தின் கதையே வேறு. அங்கே பிரச்சினை நேரமல்ல, எடை. கோலாலம்பூர் விமானத்துக்கு நான் வாங்கியிருந்தது 20 கிலோ. கோவை – சென்னை உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான். கூடினால் கிலோவுக்கு 600 ரூபாய். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் இரண்டு கிலோ தேயிலைத்தூள் வாங்கிவிடலாம். ஆக, ஊரிலிருந்து எதை எடுத்துப்போவது என்பதைத் தீர்மானிப்பது இரண்டில் சின்ன எண்தான்.

எங்களுடையது தாயகம் திரும்பிய குடும்பம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவர். மிச்ச வாழ்க்கை அரசுத் தேயிலைத் தோட்டத்தில். அம்மாவும் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அம்மா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கி, முழங்கையை லேசாக மடக்கி, நிறுத்திப் பார்த்தார்.

"பதினாறுக்குக் கொஞ்சம் கம்மி. பூண்டை எடுத்துவிடு, சரியாக வரும்."

எடுத்தோம். மறுபடி தூக்கினார். "பதினைந்துக்குள் வந்துவிட்டது. பெட்டிக்கு எவ்வளவு கழிப்பார்கள்?"

எனக்கு முதலில் புரியவில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு முறையும் எடையில் கழித்துவிடுவார்கள். விமானத்தில் பெட்டியின் எடையைக் கழிக்க மாட்டார்கள், அதையும் சேர்த்துத்தான் கணக்கு என்றேன். "அங்கே கழித்தார்கள், இங்கே சேர்க்கிறார்களா? இரண்டிலும் நமக்குத்தான் நட்டம்" என்றார்.

கோவையில் பெட்டியைத் தராசில் வைத்தேன். 14.8.

தூள் நான்கு கிலோ, துணிமணி, ஒரு டப்பா வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் சரக்குப் பெட்டிக்குள் தூக்கி எறிவதைத் தாங்கும் வலு அதனால் வந்துவிடவில்லை. பாதி நொறுங்கித்தான் போய்ச் சேர்ந்தது. கைப்பையில் எடுத்துச்செல்லுங்கள்.

தைலத்தை மட்டும் கைப்பையில் எடுத்துச்செல்லாதீர்கள். எனக்குத் தெரியாமல் அம்மா பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு முழு பாட்டில் யூகலிப்டஸ் தைலத்தைச் செருகியிருந்தார். கோவையில் எப்படியோ தப்பியது, சென்னையில் பன்னாட்டு முனையச் சோதனையில் மாட்டியது. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. போதாததற்கு எரியும் எண்ணெய். என்னவென்று பார்க்க அந்தக் காவலர் மூடியைத் திறந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "ஊட்டியா தம்பி?" என்று கேட்டார். பாட்டில் தொட்டிக்குள் போயிற்று.

அடுத்த முறை சென்னைவரைதான் விமானம். இரவு ஒன்பது மணி அளவில் சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கே 7.10 மலை ரயிலைப் பிடிக்கலாம்தான், ஆனால் அது குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போவது. எனக்கு கோத்தகிரி பஸ் போதும். விமானம் தாமதமானாலும் இடையில் கையைப் பிசையாமல் இருக்க நேரம் இருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதை மட்டும் வெளிநாட்டிலிருந்து திட்டமிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

போன வாரம் தொலைபேசியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரயிலில் போகவர என்றால் 15 கிலோ தொல்லை இல்லை, கோலாலம்பூர் விமானத்தின் 20 கிலோ கணக்கு மட்டும்தான் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை.

"அப்படியானால் ஐந்து கிலோ கூடுகிறது" என்றார். "பூண்டு இரண்டு, தூள் மூன்று."