அந்த ரெண்டு நீல நோட்டு

நாலு வருஷமா வேலை விஷயமா வியட்நாம்ல இருக்கற சைகோன் போய்ட்டு வரேன், இப்ப பேரு ஹோ சி மின் சிட்டிதான் ஆனா பாண்டில எங்க வீட்ல இன்னும் சைகோன்தான். புதுசா போறவங்க எல்லாரும் எங்கிட்ட கேக்கறது, அந்த ஊர் காசு டோங்ல அவ்ளோ சைபர் இருக்கே எப்படி சமாளிக்கறதுன்னு. சைபர்லாம் மேட்டரே இல்லங்க. கடைசி மூணு சைபர விட்ருங்க, மிச்சத்த மூணால பெருக்கி கொஞ்சம் மேல போட்டுக்கோங்க, 25 ஆயிரம் டோங் காபின்னா நம்மூர் காசுக்கு 80, 85 ரூபா. கடைக்காரங்களே ஆயிரத்த முழுங்கிட்டு வெறும் இருபத்தஞ்சுன்னுதான் சொல்லுவாங்க. ஆயிரத்த சேத்து சொன்னா அவங்க பாஷைல "ஙான்". ஒண்ணாங்கிளாஸ்க்கு அப்புறம் ங-வுக்கு எனக்கு வேலை வந்தது அங்கதான்.

எனக்கு அடி விழுந்தது கலர்ல. 20 ஆயிரமும் நீலம், 5 லட்சமும் நீலம், ரெண்டுலயும் ஹோ சி மின் படம், உயரமும் ஒரே அளவு, நீளம் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம், பர்ஸ்ல மடிச்சு வச்சா அது எங்க தெரியும்? மொத ட்ரிப்ல ராத்திரி பைக் டாக்சிய விட்டு இறங்கி 20-ன்னு நெனச்சு ஒண்ண நீட்டிட்டு வந்துட்டேன், ரூம்ல எண்ணும்போதுதான் புரிஞ்சுது, 70 ரூபாக்கு பதிலா 1,700 ரூபா காலி. அடுத்த தடவையும் அதையேதான் பண்ணேன், ஆனா எளநி விக்கிற அம்மா கைய புடிச்சு நிறுத்தி நோட்ட என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி காட்டிட்டு திருப்பி குடுத்தாங்க, தலைல கொட்டாத குறைதான். அன்னிலேர்ந்து 5 லட்சம் மட்டும் பாஸ்போர்ட் கவர்ல தனியா.

10 ஆயிரத்துலேர்ந்து மேல எல்லாம் பிளாஸ்டிக் நோட்டு. மழைல நனைஞ்சா ஒண்ணும் ஆகாது, ஆனா புதுசா இருந்தா ரெண்டு நோட்டு ஒட்டிக்கும், ஒவ்வொண்ணா தேய்ச்சு பாத்து குடுங்க. பேன்ட் பாக்கெட்ல மறந்துட்டு அயர்ன் பண்ணி ஒரு நோட்டு அப்பளமா சுருங்கிடுச்சு, அது தனி சோகம்.

இங்கேர்ந்து டோங் தேடி அலையாதீங்க, 100 டாலர் நோட்டா எடுத்துட்டு போய் அங்க மாத்திக்கோங்க. நோட்டு சுத்தமா இருக்கணும், ஓரத்துல பேனா கோடு இருந்ததுக்கே ஒரு கவுன்டர்ல என்னோடத தள்ளி விட்டாங்க. மிச்சம் வர்றத திரும்பும்போது அங்கயே தீத்துடுங்க, இங்க பாண்டி மிஷன் ஸ்ட்ரீட்ல நீட்டினா வெறும் படம்தான். என் பீரோல 40 ஆயிரம் கெடக்கு. ரெண்டும் நீலம், ரெண்டு தடவ பாத்துட்டேன், 20 ஆயிரம்தான்.